தலைவன் பண்பு மாற்றமும் கதைத்தொடர் மரபும்: கட்டபொம்மன் கதைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச்சுருக்கம்

ஒரே தலைவனைப் பற்றிப் பல காலங்களில், பல ஊடகங்களில் எழும் கதைகளில் அவனது பண்பு மாறுபடுவதைக் கதைசொல்லியின் மறதியாகவோ வரலாற்றுத் திரிபாகவோ கொள்ளும் போக்கு தமிழாய்வில் உண்டு. ஒவ்வொரு கதையும் தலைவனிடம் எச்செயலை எதிர்பார்க்கிறதோ அச்செயலுக்கு வேண்டிய பண்புகள் துணைமாந்தரிடமிருந்து அவனுக்கும், அவனிடமிருந்து துணைமாந்தருக்கும் இடம்பெயர்வதே இம்மாற்றத்தின் இயக்கம் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மன் பற்றிய ஆவணம், கதைப்பாடல், மேடை நாடகம், திரைப்படம் ஆகியவையும், ஒப்புநோக்கிற்காக ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ காணொளி விளையாட்டுத் தொடரும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: கட்டபொம்மன், கதைப்பாடல், பண்புப் பங்கீடு, மெய்ப்பாடு, கரிசல், காணொளி விளையாட்டு.

சிக்கலின் இயல்பு

கோவில்பட்டிக்குத் தென்கிழக்கே கரிசல் நிலத்தின் நடுவில் அமைந்தது பசுவந்தனை. அதன் வடக்கே எட்டயபுரம், தெற்கே ஓட்டப்பிடாரமும் பாஞ்சாலங்குறிச்சியும், தென்மேற்கே கயத்தாறு, வடகிழக்கே நாகலாபுரம். 1799ஆம் ஆண்டுப் போரின் நிகழ்விடங்களுள் பெரும்பாலானவை இவ்வூரைச் சூழ்ந்தே கிடக்கின்றன. கோட்டை ஒருபுறம், அதன் பகைவர் அரண்மனை மறுபுறம், தூக்குமரம் நின்ற இடம் இன்னொருபுறம் என அமைந்த இந்நிலத்தில் கட்டபொம்மன் கதை ஒரே குரலில் ஒலித்திருக்க வாய்ப்பில்லை.

கட்டபொம்மன் பற்றிய பனுவல்கள் ஒன்றோடொன்று முரண்படுவது புதிய செய்தியன்று. நா. வானமாமலை பதிப்பித்து மதுரைப் பல்கலைக்கழகம் 1971இல் வெளியிட்ட ‘வீரபாண்டியக் கட்டபொம்மு கதைப்பாடல்’, கவிராஜ ஜெகவீரபாண்டியனாரின் ‘பாஞ்சாலங்குறிச்சி வீர சரித்திரம்’, ம.பொ. சிவஞானத்தின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’, சக்தி கிருஷ்ணசாமியின் நாடகம், அதனை அடியொற்றி 1959இல் வந்த திரைப்படம், இவற்றுக்கெல்லாம் மறுப்பாகத் தமிழ்வாணன் எழுதிய ‘கட்டபொம்மன் கொள்ளைக்காரன்’ என இவ்வரிசை நீளும். இவற்றை அணுகியோர் பெரும்பாலும் எழுப்பிய வினா ஒன்றே: இவற்றுள் எது உண்மைக் கட்டபொம்மன்? வரலாற்றாசிரியர்க்கு அவ்வினா தேவையானது. இலக்கிய ஆய்வாளர்க்கோ அதனினும் பயன்தரும் வினா வேறொன்று உண்டு. ஒரு கதையில் பொறுமையுடையவனாக வருபவன் அடுத்த கதையில் சினமே வடிவாக வருவதற்குக் கதைக்கு உள்ளேயும் வெளியேயும் நிற்கும் காரணங்கள் யாவை?

இவ்வினாவை எழுப்பத் தமிழ்ப் பொருளிலக்கண மரபு ஒரு கருவியையும் தந்துள்ளது. கோவை இலக்கியத்தில் பாட்டுடைத் தலைவன் வேறு, கிளவித் தலைவன் வேறு. பாட்டுடைத் தலைவன் புகழப்படுபவன். கிளவித் தலைவன் துறைதோறும் செயல்படுபவன். துறை மாறுந்தோறும் கிளவித் தலைவனின் மனநிலை மாறும். அதனை எவரும் முரண் என்பதில்லை. கட்டபொம்மன் ஆய்வில் நேர்ந்த குழப்பத்திற்குப் பெரும்பங்கு காரணம், துறைதோறும் மாறவேண்டிய கிளவித் தலைவனிடம் பாட்டுடைத் தலைவனுக்குரிய மாறாமையை எதிர்பார்த்ததே ஆகும்.

ஒரு பாரசீக இளவரசன்

தலைவன் பண்பு மாற்றம் இன்று உலகளவில் மிகுதியாக விவாதிக்கப்படும் களம் காணொளி விளையாட்டு. காரணம் எளியது. அங்கே ஒரே தலைவன் பெயரில் பாகங்கள் சில ஆண்டு இடைவெளியில் அடுத்தடுத்து வெளிவருகின்றன. எழுதுவோர், வரைவோர், குரல் கொடுப்போர் பாகத்துக்குப் பாகம் மாறுகின்றனர். ஆயினும் விளையாடுபவர் அவன் ஒருவனே என்று நம்புகிறார். நாட்டார் மரபில் இரு நூற்றாண்டுகளில் நிகழ்ந்தது இங்கே சில ஆண்டுகளில் நிகழ்ந்துவிடுவதால் மாற்றத்தின் காரணங்களை நெருங்கிநின்று காணமுடிகிறது.

ஜோர்டன் மெக்னர் 1989இல் உருவாக்கிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்சியா’ விளையாட்டில் தலைவனுக்குப் பெயருமில்லை, சொல்லத்தக்க பேச்சுமில்லை. ஓடுதல், தாவுதல், விளிம்பைப் பற்றித் தொங்குதல் என உடலசைவே அவன் பண்பு. மெக்னர் தம் தம்பியை ஓடவும் தாவவும் செய்து படம்பிடித்து அவ்வசைவுகளைச் சட்டம் சட்டமாக வரைந்தெடுத்தார். 2003இல் யூபிசாஃப்ட் நிறுவனம் வெளியிட்ட ‘தி சாண்ட்ஸ் ஆஃப் டைம்’ பாகத்தில் அதே இளவரசன் தன் கதையைத் தானே சொல்கிறான். செருக்கும் நகைச்சுவையும் கலந்த பேச்சு. செய்த பிழைக்கு வருந்தும் உள்ளம். அடுத்த ஆண்டே வந்த ‘வாரியர் விதின்’ பாகத்தில் அவன் அடையாளம் தெரியாதவனாகிறான். நகை போய்விட்டது, முகம் இறுகியிருக்கிறது, பேச்சில் வன்மம். குரல் கொடுத்தவரும் மாறினார். மெக்னர் அப்பாகத்தின் ஆக்கத்தில் பங்குகொள்ளவில்லை. அதன் கலைப்போக்குத் தமக்கு உவப்பானதன்று என்றும் பின்னர் வெளிப்படையாகக் கூறினார்.

இம்மாற்றத்துக்குக் கதைக்குள் ஒரு காரணம் சொல்லப்படுகிறது: காலத்தைக் குலைத்த குற்றத்திற்காக ‘தஹாகா’ என்னும் பூதம் அவனை ஆண்டுக்கணக்கில் துரத்துகிறது, ஓடி ஓடி அவன் மாறிவிட்டான். கதைக்கு வெளியே நிற்கும் காரணம் வேறு. முதற்பாகம் திறனாய்வாளர் பாராட்டைப் பெற்ற அளவுக்கு விற்பனையாகவில்லை. இரண்டாம் பாகத்தில் சண்டை முறை விரிவாக்கப்பட்டது. இருகை வாள்வீச்சும் பகைவரை வெட்டி வீழ்த்தலும் விளையாட்டின் மையமாயின. நாள்முழுதும் வெட்டுபவன் நகைச்சுவை பேசினால் பொருந்தாது. செயல் முதலில் மாறியது. அதற்கேற்ற சினம் பின்னால் வந்து சேர்ந்தது. கதைக்குள் சொல்லப்படும் காரணம் அதற்கும் பின்னால் எழுதப்பட்டது. இவ்வரிசைமுறை கருதத்தக்கது.

மூன்றாம் பாகமான ‘தி டூ த்ரோன்ஸ்’ (2005) செய்த உத்தி இதனினும் நுட்பமானது. முதற்பாகத்தின் குரல் நடிகர் திரும்பினார். இளவரசனின் மென்மையும் திரும்பியது. ஆனால் இரண்டாம் பாகத்தில் சேர்ந்த வன்மத்தைக் கைவிடாமல் ‘இருள் இளவரசன்’ என்னும் மற்றோர் ஆளாக அதனைப் பிரித்து, தலைவனின் உள்ளேயே குடியேற்றினர். ஒருவனிடம் சேர்ந்துவிட்ட பண்புகளை இருவருக்குப் பகிர்ந்து கொடுத்ததே அவர்கள் செய்தது. இப்பகிர்வை இக்கட்டுரை பண்புப் பங்கீடு எனக் குறிக்கிறது. கட்டபொம்மன் கதைமரபுக்கு இது புதிதன்று.

ஆவணத்தில் இரு கட்டபொம்மன்

கதைகளுக்குச் செல்லுமுன் ஆவணத்தை நோக்குதல் வேண்டும். ஆவணம் ஒரே முகத்தைக் காட்டுவது, கதைகளே பல முகம் காட்டுவன என்னும் எண்ணம் பிழையானது.

1798இல் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையத்தின் வரிநிலுவை 3310 பகோடா என்பது கும்பினியின் கணக்கு. ஆகஸ்டு 18ஆம் நாள் கலெக்டர் ஜாக்சன், இரு வாரத்துக்குள் இராமநாதபுரம் வந்து தம்மைக் காணுமாறு கட்டபொம்மனுக்கு ஆணையனுப்பினார். கட்டபொம்மன் குற்றாலத்துக்கும் திருவில்லிபுத்தூருக்கும் சென்று காண முயன்றார், காணவில்லை. செப்டம்பரில் இராமநாதபுரத்தில்தான் பேட்டி கிடைத்தது. அங்கே மூன்று மணி நேரம் நின்றபடியே விடை சொல்ல நேர்ந்தது. நிலுவையில் பெரும்பகுதி அதற்குள் செலுத்தப்பட்டு 1080 பகோடாவே எஞ்சியிருந்தது. கோட்டையில் எழுந்த கைகலப்பில் லெப்டினன்ட் கிளார்க் கொல்லப்பட்டார், கட்டபொம்மன் தப்பினார், அமைச்சர் தானாபதி சிவசுப்பிரமணிய பிள்ளை சிறைப்பட்டார். பின்னர் கட்டபொம்மன் சென்னை அரசிடம் முறையிட்டார். வில்லியம் பிரவுன், வில்லியம் ஓரம், ஜான் காசாமேஜர் ஆகியோர் கொண்ட குழு விசாரித்து அவர்மீது குற்றமில்லை என முடிவு செய்தது, தானாபதி விடுவிக்கப்பட்டார், ஜாக்சன் பதவியிழந்தார், லூஷிங்டன் அவ்விடத்துக்கு வந்தார்.

இந்த 1798ஆம் ஆண்டுக் கட்டபொம்மன் வரி செலுத்துபவர், ஊர் ஊராகச் சென்று காத்திருப்பவர், விண்ணப்பம் எழுதுபவர், விசாரணைக் குழுவின் முன் சென்று நிற்பவர்.

ஓராண்டு கழிந்தபின் எழுதப்பட்ட மேஜர் பானர்மேனின் அறிக்கையில் வேறொருவர் தென்படுகிறார். 1799 அக்டோபர் 16ஆம் நாள் கயத்தாற்றில் பாளையக்காரர் கூட்டத்தின்முன் நிறுத்தப்பட்ட கட்டபொம்மன் அஞ்சாமலும் இறுமாப்போடும் நின்றதாகவும், எட்டயபுரம், சிவகிரிப் பாளையக்காரரை இகழ்ச்சியோடு நோக்கியதாகவும், உறுதியான நடையோடு தூக்குமரத்தை நோக்கிச் சென்றதாகவும் பானர்மேன் எழுதுகிறார். போகும் வழியில் பேசவியலாத தம்பி ஒருவனைப் பற்றி மட்டுமே கவலை வெளியிட்டாராம். கோட்டையை விட்டு வெளியேறியதற்கு வருந்தி, அதனைக் காத்துநின்றே இறந்திருக்கலாம் என்றாராம். தூக்கிலிட ஆணையிட்டவரே எழுதிய இப்பகுதி, பெருமிதத்தைப் பற்றி எழுதப்பட்ட உரைநடைகளுள் ஒன்றாக எண்ணத்தக்கது.

ஓராண்டு இடைவெளியில் ஒரே மனிதர், ஒரே அரசின் தாள்களில், இருவேறு பண்பினராகப் பதிவாகியுள்ளார். 1799 செப்டம்பர் 5ஆம் நாள் கோட்டைத் தாக்குதலும், நாகலாபுரத்தில் தானாபதிக்கு அளிக்கப்பட்ட மரணதண்டனையும், புதுக்கோட்டைத் தொண்டைமான் ஆட்களிடம் பிடிபட்டதும் இடையே நிகழ்ந்தவை. ஆதலின் மாற்றத்துக்கான அகக்காரணம் வெளிப்படை. புறக்காரணமும் உண்டு. 1798இன் தாள்கள் ஓர் அதிகாரியின் தவற்றை ஆராய எழுதப்பட்டவை. அங்கே கட்டபொம்மன் குறையுற்றவராகத் தோன்றுவது வழக்கின் இயல்பு. 1799இன் அறிக்கை ஓர் எதிரியை ஒழித்த படைத்தலைவர் எழுதியது. எதிரி பெருமிதமுடையவனாயின் வென்றவர் பெருமையும் கூடும்.

இராமநாதபுரக் காட்சி: இளிவரலிலிருந்து வெகுளிக்கு

எல்லாக் கதைவடிவிலும் இடம்பெறும் காட்சி இராமநாதபுரச் சந்திப்பே. ஒரே காட்சி வடிவம்தோறும் எம்மெய்ப்பாட்டுக்கு உரியதாகிறது என்று காண்பது பண்பு மாற்றத்தை அளக்கும் நல்ல முறை.

ஆவணத்தில் இக்காட்சியின் மெய்ப்பாடு இளிவரல். தொல்காப்பியம் இளிவரலுக்குக் கூறும் நிலைக்களன்களுள் வருத்தமும் ஒன்று. அலைக்கழிக்கப்பட்டு, நிறுத்திவைக்கப்பட்டு, இருக்கை தரப்படாமல் நின்ற ஒருவரின் நிலை அது. கதைப்பாடல் மரபில் அழுத்தம் பேச்சின்மீது விழவில்லை. சண்டைமீதும் தப்பியோட்டத்தின்மீதும் தானாபதியைப் பிரிந்ததன்மீதும் விழுகிறது. அங்கே தலைவன் வாளால் பேசுகிறான். மெய்ப்பாடு பெருமிதம், அதன் களன் தறுகண்.

1957இல் சேலத்தில் அரங்கேறிய சிவாஜி நாடக மன்றத்தின் நாடகத்திலும், பி.ஆர். பந்துலு இயக்கி 1959 மே மாதம் வெளியான திரைப்படத்திலும் அக்காட்சி முழுக்க முழுக்கச் சொற்போராகிறது. ஜாக்சன் கிஸ்தி கேட்க, கட்டபொம்மன் கேள்விமேல் கேள்வி தொடுக்கும் அவ்வுரையைத் தமிழகத்தில் அறியாதார் அரியர். பள்ளி மேடைகளில் தலைமுறை தலைமுறையாக ஒப்பிக்கப்பட்டது. மெய்ப்பாடு இங்கே வெகுளி. அதன் களன் தொல்காப்பியம் கூறும் குடிகோள். தன் குடிகள் அலைக்கப்படுவதைக் கண்டு எழும் சினம். ஆவணத்தில் தமக்கு நேர்ந்த அவமதிப்புக்காக நின்றவர், திரையில் உழவர் சார்பில் நிற்கிறார். பெரும்பகுதி வரியைச் செலுத்தியிருந்தவர், செலுத்தவே மறுப்பவராகிறார்.

இம்மாற்றத்தைப் பொய் என்று ஒதுக்குவதில் பயனில்லை. விடுதலை பெற்றுப் பன்னிரண்டு ஆண்டு நிறைவதற்குள் வந்த படம் அது; அவையோர் கேட்க விரும்பிய விடையை 1798இன் விண்ணப்பம் தந்திருக்காது. ஊடகத்தின் தேவை இதனினும் வலிது. தமிழ் மேடையும் அதன்வழி வந்த பேசும்படமும் தலைவனிடம் எதிர்பார்த்த முதன்மைச் செயல் பேசுதல். வாள்வீச்சை மையமாக்கிய விளையாட்டு இளவரசனுக்கு வன்மத்தைக் கொடுத்தது போல, உரையாடலை மையமாக்கிய ஊடகம் கட்டபொம்மனுக்கு நாவன்மையைக் கொடுத்தது. தெலுங்கு வழங்கும் கம்பளத்தார் குடியில் தோன்றிய பாளையக்காரர் எதுகை மோனையோடு செந்தமிழ் பேசலானதும், பொம்மு என்னும் பெயர் பொம்மன் என நிலைபெற்றதும் இத்தேவையோடு இயைந்தவையே.

இவ்வுரையில் ஆய்வாளர் கருத்தைக் கவராது போன செய்தி ஒன்றுண்டு. அதில் அடுக்கப்படும் உழவுத்தொழில்கள் ஏற்றமிறைத்தல், நாற்று நடுதல் போன்ற நன்செய்த் தொழில்கள். பாஞ்சாலங்குறிச்சி, பசுவந்தனை, எட்டயபுரம் சூழ்ந்த நிலமோ வானம் பார்த்த கரிசல். பருத்தி, கம்பு, சோளம், உளுந்து, மல்லி ஆகியவை வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கப்படும் மண் அது. கண்மாய்ப் பாசனத்தில் சிறிது நெல் விளைவதுண்டு எனினும் அந்நிலத்தின் உழவு அடையாளம் நாற்றங்காலன்று. புழுதி விதைப்பும் களைவெட்டும் பருத்தி எடுப்புமே. காவிரிக்கரையிலும் பொருநைக்கரையிலும் இருந்த அவையோர்க்கு உழவு என்றால் நெல். அவர்களுக்காகக் கரிசல் தலைவன் மருதத்தின் மொழியைப் பேசினான். திணை மயங்கியதன் விளைவாகத் தலைவனின் பண்பும் மாறியது: மழை பொய்த்தால் வரிகட்ட இயலாத பாளையத்தின் பொறுப்பாளர், செழித்த வயலின் காவலர் ஆனார். நிலுவை ஏன் சேர்ந்தது என்னும் கேள்வி திரையில் எழாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். கி. ராஜநாராயணன் போன்ற கரிசல் எழுத்தாளர் ஒருவர் அக்காட்சியை எழுதியிருப்பின் கேள்விகள் வேறாயிருக்கும்.

பண்புப் பங்கீடு

கட்டபொம்மன் கதைப்பாடலைத் தனித்தலைவன் கதையாகப் படிப்பது அதன் அமைப்பைத் தவறவிடுவதாகும். தானாபதிப் பிள்ளை, ஊமைத்துரை, பகதூர் வெள்ளையத்தேவன், வெள்ளையம்மாள், சுந்தரலிங்கம் எனப் பலர் சூழ நிற்கும் கதை அது. வீரத்தின் கூறுகள் இவர்களிடையே பங்கிடப்பட்டுள்ளன.

துணிந்து முந்தும் பண்பு தானாபதிக்கு உரியது. களஞ்சியக் கொள்ளை அவர் செயலாகவே மரபில் நிற்கிறது. கட்டபொம்மனுக்கு உரியது, செய்தவரை விட்டுக்கொடுக்க மறுக்கும் பண்பு. குற்றத்தின் பொறுப்பு ஓரிடத்திலும் புகழின் பொறுப்பு ஓரிடத்திலும் வைக்கப்படுவதால் தலைவனின் சால்பு குறைவதில்லை. ‘இருள் இளவரசன்’ என்னும் உத்தியின் பயனும் இதுவே; வன்செயல் கதைக்குத் தேவை, ஆனால் அது தலைவன்மீது ஒட்டலாகாது. தமிழ்வாணனின் நூல் செய்தது இப்பங்கீட்டைக் கலைத்ததாகும். தானாபதியின் செயலைத் தலைவனின் செயலாகவே கணக்கிட்டால் பாளையக்காரர் கொள்ளைக்காரராகிறார். செய்திகள் பெரிதும் மாறவில்லை. அவை யார் கணக்கில் எழுதப்படுகின்றன என்பதே மாறியது.

களத்தில் முன்னின்று மடியும் வீரம் வெள்ளையத்தேவனிடம் உள்ளது. திரைப்படம் இதனை ஒருவாறு காத்தது. ஜெமினி கணேசனும் பத்மினியும் ஏற்ற பாத்திரங்களால் காதலும் கைம்மையும் அவர்கள் பக்கம் சென்றன. தலைவனின் அகவாழ்வு பெரிதாகத் தேவைப்படவில்லை. ஆனால் அறிவுரை, எதிர்வாதம், நகை, சினம் ஆகிய பேச்சுசார் பண்புகள் அனைத்தும் சிவாஜி கணேசனின் ஒரே குரலில் குவிந்தன. 1960இல் கெய்ரோவில் நடைபெற்ற ஆசிய ஆப்பிரிக்கத் திரைப்பட விழாவில் அவருக்குச் சிறந்த நடிகர் விருது கிடைத்தது. குவிப்பு பயன் தந்தது என்பதில் ஐயமில்லை.

இழப்பு எங்கே நேர்ந்தது எனில் ஊமைத்துரையிடம். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிக்கப்பட்ட கோட்டையை மீண்டும் எழுப்பி, மே மாதம் வரை கும்பினிப் படையை எதிர்த்தவர் அவர். முதற்போரினும் நீண்டதும் கடியதும் அவ்விரண்டாம் போர். அதில் கும்பினிப் பக்கம் நின்று போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட தம் நினைவுக்குறிப்பு நூலில், மெலிந்த உடலும் பேசவியலாத நாவும் கொண்ட இவ்விளைஞரை மக்கள் தெய்வமாகவே போற்றியதை வியந்து எழுதியுள்ளார். உள்ளங்கையில் சிறு வைக்கோல் துணுக்குகளை வெள்ளையர் படையாக அடுக்கி, மறுகையால் அவற்றைத் துடைத்தெறிந்து, வாயால் ஓர் ஒலியெழுப்பித் தாக்குதலுக்கு ஆணையிடுவாராம். சைகையால் படை நடத்திய இத்தலைவனுக்கு உரையாடல் ஊடகத்தில் இடமேது? ஓ.ஏ.கே. தேவர் ஏற்ற ஊமைத்துரை பாத்திரம் படத்தில் உண்டு. ஆனால் படம் 1799 தூக்குமரத்தோடு முடிகிறது. கதைத்தொடரின் இரண்டாம் பாகம் எடுக்கப்படவில்லை. பேச்சற்ற உடலசைவே பண்பாக நின்ற 1989ஆம் ஆண்டுப் பாரசீக இளவரசனை இங்கே நினைவுகூரலாம். ஊமைத்துரைக்கு ஏற்ற ஊடகம் திரைப்படத்தினும் அதுவாக இருந்திருக்கக்கூடும்.

எட்டயபுரத்து நிழலில் பாடியவர்கள்

கதைப்பாடலில் தலைவன் ஏன் திரைத்தலைவனைப்போல் ஓயாது முழங்கவில்லை என்பதற்கு ஊடகம் ஒன்றே விடையாகாது. கேட்டவர் யார் என்பதும் பார்க்கப்பட வேண்டும். போருக்குப்பின் பாஞ்சாலங்குறிச்சிப் பாளையம் கலைக்கப்பட்டு, அதன் ஊர்கள் எட்டயபுரம், மணியாச்சி உள்ளிட்ட, கும்பினிக்குத் துணைநின்ற பாளையங்களுக்குப் பங்கிடப்பட்டன. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்முறை ஒழியும் வரை அவ்வூர் மக்கள் தம் பழைய தலைவனின் பகைவர்க்கே தீர்வை செலுத்தி வாழ்ந்தனர். அந்நிலையில் பாடப்பட்ட கதையில் தலைவனின் புகழ் சக்கம்மாளின் அருளிலும் திருச்செந்தூர் முருகன்மீது கொண்ட பக்தியிலும் நிலைநிறுத்தப்பட்டதும், வீழ்ச்சிக்கான பொறுப்பின் பெரும்பங்கு ஊழின்மீதும் தானாபதியின் துடுக்கின்மீதும் வைக்கப்பட்டதும் பாடியவர்க்குப் பாதுகாப்பாய் அமைந்திருத்தல் கூடும். இதனைக் கோழைமை என்பார் அக்காலக் கரிசல் சம்சாரியின் நிலையை அறியாதார்.

எட்டயபுரம் தன் பக்கக் கதையையும் எழுதிக்கொண்டது. சுவாமி தீட்சிதர் இயற்றி 1879இல் அச்சேறிய ‘வம்சமணி தீபிகை’ அந்த அரசகுலத்தின் வரலாறு. பாட்டுடைத் தலைவன் வேறாதலின் அதில் கட்டபொம்மன் பகைவனாகத்தான் நிற்கமுடியும். இதன் மொழிநடையைத் திருத்தி எழுதித் தரப் பாரதி 1919இல் ஜமீன்தாருக்குக் கடிதம் எழுதியதும், அம்முயற்சி கைகூடாததும் பலரும் அறிந்தவை. எட்டப்பன் என்னும் குலப்பெயர் காட்டிக்கொடுப்பவன் என்னும் பொதுச்சொல்லாகத் தமிழகமெங்கும் வேரூன்றியதில் திரைப்படத்துக்குப் பெரும்பங்கு உண்டு. அப்படம் வந்தபோது ஜமீன் இல்லை, சொல்வதற்குத் தடையுமில்லை. தலைவனின் சினம் கூடியதும் பகைவனின் இழிவு கூடியதும் ஒரே காலத்தில் நிகழ்ந்தவை.

பங்கீடு அத்தோடு நிற்கவில்லை. 1986இல் திருநெல்வேலி மாவட்டம் பிரிந்தபோது ஒன்று நெல்லை கட்டபொம்மன் மாவட்டமாயிற்று. பாஞ்சாலங்குறிச்சியும் பசுவந்தனையும் அம்மாவட்டத்தில் அமையாமல் சிதம்பரனார் மாவட்டத்தில் அமைந்தது வரலாற்றின் சிறு குறும்பு. பின்னர் கவர்னகிரியைச் சேர்ந்தவராகக் கருதப்படும் சுந்தரலிங்கம், வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்து உயிர்நீத்தவராக, தமக்கெனத் தனிக்கதை உடைய தலைவராக எழுந்தார். திரைப்படத்தில் வெள்ளையத்தேவனுக்குக் கிடைத்த இடம் அவருக்குக் கிடைத்திருக்கவில்லை. 1997இல் அவர் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்கப்பட்டபோது தென்மாவட்டங்களில் சாதிக் கலவரம் மூண்டது. முடிவில் எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. கட்டபொம்மன் பெயரும் அவற்றோடு போயிற்று. துணைமாந்தர் ஒருவர் தம் பங்கைத் திரும்பக் கேட்பது விளையாட்டுத் தொடரில் ஒரு கிளைப்பாகமாக முடியும். இம்மண்ணில் அது உயிர்ச்சேதம் வரை சென்றது. தலைவனின் பண்பு யாரிடமிருந்து வந்தது என்னும் ஆய்வு இங்கே வெறும் இலக்கியக் கணக்காக இருப்பதில்லை.

பதிப்பிப்பவர் முன் உள்ள தெரிவு

இதுவரை கண்டவை கதைப்பாடல் பதிப்புமுறை பற்றிய ஒரு கேள்விக்கு இட்டுச்செல்கின்றன. ஏட்டுப் பிரதிகளும் பாடகர் வடிவங்களும் ஒன்றுக்கொன்று மாறுபடும்போது, தலைவனின் பண்புக்கு முரணாகத் தோன்றும் பகுதியை இடைச்செருகல் எனக் கருதி அடிக்குறிப்புக்குத் தள்ளும் வழக்கம் உண்டு. ‘பண்புக்கு முரண்’ என்னும் அளவுகோல் எங்கிருந்து வந்தது என்று கேட்டால், 1959க்குப் பின்னான பதிப்பாளர் பலர்க்கும் அது திரையிலிருந்து வந்திருத்தல் இயல்பு. முழங்காத கட்டபொம்மன், காத்திருக்கும் கட்டபொம்மன், அமைச்சர் சொல்லுக்கு இணங்கிப் பின் வருந்தும் கட்டபொம்மன் ஆகியோர் பிற்காலத்தார் செருகிய திரிபாகத் தோன்றுவர். 1798ஆம் ஆண்டுத் தாள்களோடு ஒப்பிட்டால் அவர்களே பழமையானவர்களாக இருக்கவும் கூடும்.

எனவே பாடவேறுபாடுகளைத் தலைவன் ஒருவனின் பண்புக்கு ஒத்ததா என்று நோக்காமல், அவ்வேறுபாட்டில் எப்பண்பு எந்த மாந்தரிடம் இருக்கிறது என்று அட்டவணைப்படுத்துதல் முதற்பணியாகும். ஒரு வடிவில் கிளார்க்கைக் கொல்பவர் யார், களஞ்சியக் கொள்ளைக்கு ஆணையிடுபவர் யார், கோட்டையை விட்டு வெளியேறலாம் என்று முதலில் சொல்பவர் யார் ஆகிய மூன்று கேள்விகளே அவ்வடிவம் எக்குடியினரிடையே, எவ்வூர்ப் பக்கம் வழங்கியது என்பதைப் பெருமளவு காட்டிக்கொடுக்கும். மே மாதத்தில் பாஞ்சாலங்குறிச்சி வீரசக்கதேவி கோயில் விழாவுக்குப் பல ஊர்களிலிருந்து ஜோதி ஏந்தி வரும் கூட்டத்தாரிடம் இன்றும் வழங்கும் கதைக்கூறுகள், பசுவந்தனைக்கு வடக்கே எட்டயபுரம் பக்கத்து ஊர்களில் வழங்கும் கூறுகளோடு இம்முறையில் இன்னும் ஒப்பிடப்பட வேண்டும். கரிசல் ஊர்களில் முழுக்கதையையும் நினைவில் வைத்திருக்கும் முதியோர் தொகை ஆண்டுதோறும் குறைந்துவருவதால் அப்பணி நெடுநாள் காத்திராது.